எந்த மருந்து முதலில்?

முதுகெலும்பில் முறிவு கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. குடத்தைத் தூக்கக் குனிந்தபோது சுருக்கென்றது, நான்கு நாள் தைலம் தேய்த்ததும் அடங்கிவிட்டது என்பார்கள். சிலருக்கு அந்த வலிகூட இருந்திருக்காது. முன்பு எட்டிய பரண் இப்போது எட்டவில்லை, கட்டிய சேலை தரையில் புரள்கிறது, முதுகு மெல்ல வளைகிறது. எல்லாவற்றுக்கும் வயதைக் காரணம் சொல்லிவிடுகிறோம். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் முள்ளெலும்பு ஒன்று முன்பக்கம் நசுங்கியிருப்பது கண்ணில் படுகிறது.

அந்த நசுங்கலைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஒரு கட்டுரை, புதிதாக முள்ளெலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே இன்னொரு முள்ளெலும்பு முறிந்ததைக் காட்டியது. இடுப்பெலும்பு முறிவு இதைவிடக் கொடியது. அந்த முறிவு கண்ட முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி தனியாக நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை.

ஆகவே ஒரு முறிவு நடந்துவிட்ட பிறகு சிகிச்சையை முடிவு செய்ய நமக்குக் கிடைக்கும் காலம் குறைவு. அந்தக் குறுகிய காலத்தில் எந்த மருந்தை எடுப்பது, எதை முதலில் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

‘கடுமையான’ என்றால் என்ன?

எலும்பின் கனிம அடர்த்தியை டெக்ஸா ஸ்கேன் அளக்கிறது. ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து நம்முடைய அடர்த்தி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி, அந்த எண் மைனஸ் 2.5 ஆகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் எலும்புப்புரை. அதோடு, நின்ற இடத்தில் தடுக்கி விழுந்தது போன்ற சிறிய காரணத்தால் எலும்பு முறிந்தும் இருந்தால் அது கடுமையான எலும்புப்புரை. இப்போது மருத்துவர்கள் இந்த வட்டத்தை இன்னும் விரித்திருக்கிறார்கள். அண்மையில் முறிவு கண்டவர்கள், பல முறிவுகள் கண்டவர்கள், மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே முறிவு கண்டவர்கள், டி-ஸ்கோர் மைனஸ் 3-க்கும் கீழே போனவர்கள் ஆகியோரை ‘மிக அதிக ஆபத்து’ உள்ளவர்களாகக் கருதுகிறார்கள்.

இங்கே எண்ணைவிட முறிவுக்கே எடை அதிகம். வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் எலும்பு முட்கள் ஸ்கேனில் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். டி-ஸ்கோர் மைனஸ் 2 என்று வந்த ஒருவருக்கு இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தால், அவருடைய எலும்பு பலவீனமானதுதான். இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகை ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எலும்பு ஏன் இப்படி ஆனது? மாதவிடாய் நின்றதும் முதுமையும் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாராதைராய்டு சுரப்பியில் கட்டி, தைராய்டு மிகையாகச் சுரப்பது, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய், குடல் உணவை உறிஞ்சாத நோய்கள், நெடுநாள் ஸ்டீராய்டு இவையெல்லாம் எலும்பை அரிக்கும். ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கப்படும் மூட்டுவலி மருந்துகளை எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், புரதப் பகுப்பாய்வு ஆகிய பரிசோதனைகளைச் செய்து பார்த்த பிறகு மருந்துக்குப் போவதே முறை.

அரிப்பவையும் கட்டுபவையும்

வெளியே கல்போலத் தெரியும் எலும்புக்குள் வேலை ஓய்வதே இல்லை. வயதுவந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அரித்துக் குழி தோண்டுகின்றன. அந்த இடத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புதிய எலும்பை நிரப்புகின்றன. தோண்டும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். இந்த வேகப் பொருத்தமின்மைதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஒரே நேரத்தில் தோண்டப்படும் குழிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. நிரப்புபவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் இழப்புக்கும் எலும்பு இழப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1941ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் சுட்டிக்காட்டியிருந்தார்.

முள்ளெலும்பின் உட்பகுதி மெல்லிய எலும்புச் சட்டங்களால் பின்னப்பட்டது. அந்தச் சட்டங்கள் மெலிந்துவிட்டால் மீண்டும் தடித்துவிடலாம். ஆனால் ஒரு சட்டம் முழுதாக அறுந்துபோனால், புதிய எலும்பு படிய அங்கே பரப்பே இருக்காது. கடுமையான எலும்புப்புரையில் நேரும் இழப்பு இத்தகையது. எஞ்சியிருப்பதைக் காப்பது மட்டும் அங்கே போதாமல் போகிறது.

கால்சியம் மாத்திரையும் கேழ்வரகும் பாலும் இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அது நல்ல உணவு, அவசியமான உணவு. எலும்பு கட்டுவதற்கான சரக்கை அது தரும். தோண்டும் செல்களை நிறுத்தவோ கட்டும் செல்களை எழுப்பவோ அதனால் முடியாது. முறிவு வரை வந்துவிட்டவருக்கு அந்த வேலையைச் செய்ய மருந்து வேண்டும்.

இரண்டு வகை மருந்துகள்

முதல் வகை, அரிப்பைத் தடுப்பவை. இவற்றில் மூத்தவை பிஸ்பாஸ்பொனேட்டுகள். நீர்க்குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட ரசாயனங்களின் உறவினர்கள் இவை. சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷ் 1960களில் இவை எலும்பில் ஒட்டிக்கொண்டு அரிப்பைக் குறைப்பதைக் கண்டறிந்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அலென்ட்ரோனேட் 1995இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு, ஏற்கெனவே முள்ளெலும்பு முறிந்த 2,027 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. மூன்று ஆண்டுகளில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு வந்தது. அலென்ட்ரோனேட் எடுத்தவர்களில் அது 8 பேர். இடுப்பு முறிவும் பாதியாகக் குறைந்தது.

இந்த மாத்திரையை விழுங்குவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஒழுங்காக எடுத்தாலே நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேராது. காபியோடு எடுத்தால் அதிலும் பாதிக்கு மேல் வீணாகும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. 2007இல் வெளியான பெரிய ஆய்வில் அது மூன்று ஆண்டுகளில் முள்ளெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி, தோண்டும் செல்கள் உருவாகத் தேவையான சமிக்ஞையையே மறித்துவிடுகிறது. அதன் பலனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இரண்டாம் வகை, எலும்பைக் கட்டுபவை. இவற்றின் பின்னால் இரண்டு வியப்பான உண்மைகள் இருக்கின்றன. பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் எந்நேரமும் மிகுந்திருந்தால் எலும்பை அரிக்கும். அதையே தினம் ஒரு முறை, சிறு அளவில், சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும்படி கொடுத்தால் கட்டும் செல்கள் விழித்துக்கொள்ளும். 1929இலேயே எலிகளிடம் இதன் அறிகுறி தெரிந்தது. 84 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்களைக் கொண்ட டெரிபாரடைட், 2002இல்தான் மருந்தாக வந்தது. இன்சுலின் பேனா போன்ற கருவியால் தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு உண்மை தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர் குடும்பங்கள் சிலவற்றிலிருந்து வந்தது. ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்ற அரிய பரம்பரை நோய் உள்ள அவர்களுடைய எலும்புகள் அசாத்தியமாகத் தடித்திருக்கும், எளிதில் முறியாது. ஆனால் மண்டையோடும் தடித்து நரம்புகளை அழுத்துவதால் முகவாதமும் காது கேளாமையும் வரும். 2001இல் அதற்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ‘போதும், கட்டுவதை நிறுத்து’ என்று சொல்லும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் அவர்களுக்கு இல்லை. அந்தப் புரதத்தை மருந்தால் தற்காலிகமாகக் கட்டிப்போட்டால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ரோமோசோசுமாப். மாதம் ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டு மாதம். 2019இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வரிசையே சிகிச்சை

நெடுங்காலம் நடைமுறை இப்படித்தான் இருந்தது: முதலில் விலை குறைந்த, பழகிய மாத்திரை. அது தோற்று மீண்டும் எலும்பு முறிந்தால், அப்போது கட்டும் மருந்து. பார்க்க நியாயமாகத் தோன்றும் இந்த வரிசையைக் கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் புரட்டிப்போட்டிருக்கின்றன.

2018இல் வெளியான ‘வெரோ’ ஆய்வில், கடுமையான முள்ளெலும்பு முறிவுகள் கொண்ட 1,360 பெண்களில் ஒரு பாதிக்கு டெரிபாரடைட்டும் மறுபாதிக்கு ரிசெட்ரோனேட் என்ற பிஸ்பாஸ்பொனேட்டும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் புதிய முள்ளெலும்பு முறிவு, மாத்திரைக் குழுவில் 12 சதவீதம், டெரிபாரடைட் குழுவில் 5.4 சதவீதம். 2017இல் வெளியான ‘ஆர்ச்’ ஆய்வில், முறிவு கண்ட 4,093 பெண்களில் ஒரு குழு ஓராண்டு ரோமோசோசுமாப் எடுத்து, பிறகு அலென்ட்ரோனேட்டுக்கு மாறியது. இன்னொரு குழு தொடக்கத்திலிருந்தே அலென்ட்ரோனேட் மட்டும் எடுத்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் முதுகு முறிவு முதல் குழுவில் 6.2 சதவீதம், அடுத்த குழுவில் 11.9 சதவீதம். இடுப்பு முறிவும் முதல் குழுவில் 38 சதவீதம் குறைவு. இந்த ஆய்வுகளில் ஒப்பிடப்பட்டது வெற்று மாத்திரையோடு அல்ல, நிரூபிக்கப்பட்ட நல்ல மருந்துகளோடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏரியைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கும்போது மதகை அடைத்தால் போதும், இருப்பு நிற்கும். ஏரி வற்றிக் கிடந்தால் மதகை அடைப்பதால் மட்டும் பயனில்லை. வரத்துக்காலைத் திறந்து தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு மதகை அடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வந்தது வந்த வழியே போய்விடும். டெரிபாரடைட்டை இரண்டு ஆண்டு எடுத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் கிடைத்த அடர்த்தி கரைந்துவிடும். கட்டும் மருந்து முடிந்ததும் அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தொடர்வது அதனால்தான்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதை பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் காட்டியது. டெரிபாரடைட்டிலிருந்து டெனோசுமாப்புக்கு மாறியவர்களுக்கு அடர்த்தி தொடர்ந்து ஏறியது. டெனோசுமாப்பிலிருந்து டெரிபாரடைட்டுக்கு மாறியவர்களுக்கோ இடுப்பில் சில காலம் அடர்த்தி இறங்கியது, மணிக்கட்டில் இறங்கிக்கொண்டே போனது. மருந்துகள் அதே இரண்டுதான், முன்பின் மாறியதில் பலன் மாறிவிட்டது.

பல ஆண்டுகள் அலென்ட்ரோனேட் எடுத்தும் முறிவு கண்டவர்கள் இதைப் படித்துக் காலம் கடந்துவிட்டதென்று மனம் தளர வேண்டாம். வெரோ ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் முன்பே வேறு எலும்பு மருந்து எடுத்தவர்கள்தான். அவர்களுக்கும் டெரிபாரடைட் பலன் கொடுத்தது.

பயத்தை எடைபோடுவது

சிகிச்சை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களை அலட்சியம் செய்யக் கூடாது. தாடை எலும்பு அழுகுமாம், தொடை எலும்பு தானாக முறியுமாம் என்ற பேச்சு உண்மையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அந்த உண்மைக்கு ஓர் அளவு உண்டு.

எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் பிஸ்பாஸ்பொனேட் எடுப்பவர்களில் தாடை எலும்பு பட்டுப்போவது ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் லட்சத்தில் ஒருவருக்கும் இடைப்பட்ட அளவில்தான் நிகழ்கிறது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலிலேயே முடித்துவிட்டு மருந்தைத் தொடங்கினால் அதுவும் குறையும். தொடை எலும்பின் நடுத்தண்டு குறுக்காக முறிவது பற்றி கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 1,96,000 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியானது. பத்தாயிரம் வெள்ளையினப் பெண்கள் மூன்று ஆண்டு பிஸ்பாஸ்பொனேட் எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், இரண்டு தொடை முறிவுகள் கூடும். ஆசிய வம்சாவளிப் பெண்களில் 91 தடுக்கப்படும், எட்டு கூடும். ஆசியர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் 91 எங்கே, எட்டு எங்கே? தொடையிலோ கவட்டிலோ இனம்புரியாத வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். அதை ஆரம்பத்திலேயே எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கலாம்.

மற்ற மருந்துகளுக்கும் அவற்றுக்கே உரிய எல்லைகள் உண்டு. ஆர்ச் ஆய்வின் முதலாண்டில் கடுமையான இதய, மூளை ரத்தநாளப் பாதிப்புகள் ரோமோசோசுமாப் குழுவில் 2.5 சதவீதம், அலென்ட்ரோனேட் குழுவில் 1.9 சதவீதம். ஆகவே கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு அதைத் தரக் கூடாது. டெரிபாரடைட் எலிகளில் எலும்புப் புற்றை உண்டாக்கியதால் முதலில் கடும் எச்சரிக்கையோடு வந்தது. மனிதர்களில் அப்படி நிகழாததால் 2020இல் அமெரிக்காவில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆயினும் எலும்புக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், எலும்பில் புற்று பரவியவர்களுக்கும் அது தகாது. ஸோலெட்ரோனிக் அமிலம் சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஆகாது. முதல் முறை ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது அதையோ டெனோசுமாப்பையோ போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதால், இதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அரிய பக்கவிளைவுகள் பற்றிய செய்திகள் பரவிய காலத்தில் அமெரிக்காவில் இடுப்பு முறிந்தவர்களில் எலும்பு மருந்து பெற்றவர்களின் பங்கு 2002இல் இருந்த 40 சதவீதத்திலிருந்து 2011இல் ஏறத்தாழ 20 சதவீதமாகச் சரிந்தது. மருந்தால் வரும் கேட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, குற்றம்சாட்ட ஒரு பொருள் இருக்கிறது. மருந்து எடுக்காததால் வரும் முறிவை விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சிகிச்சை வேண்டாம் என்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான். கடுமையான எலும்புப்புரையில் அதிக ஆபத்துள்ள முடிவு பெரும்பாலும் அதுதான்.

வெளியேறும் வழி

டெனோசுமாப் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிஸ்பாஸ்பொனேட் எலும்பில் படிந்து, நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் வேலை செய்யும். டெனோசுமாப் அப்படித் தங்காது. நிறுத்தியதும் தோண்டும் செல்கள் முன்னிலும் வேகமாகத் திரும்புகின்றன. நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், முள்ளெலும்பு முறிவு ஆண்டுக்கு நூற்றுக்கு 1.2 ஆக இருந்தது 7.1 ஆக ஏறியது. முறிவு கண்டவர்களில் 61 சதவீதத்தினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் முறிந்தன. ஊர் மாறுவதாலும், பணமுடையாலும், வலி இல்லையே என்ற எண்ணத்தாலும் ஊசி தவறிவிடுவது நம் வீடுகளில் எளிதாக நடக்கக்கூடியது. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டவிடாமல் தொடர வேண்டும். நிறுத்துவதாக இருந்தால் பிஸ்பாஸ்பொனேட்டுக்கு மாறிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இதை உறுதிசெய்ய முடியாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் மருந்தே பாதுகாப்பானது.

ஒரு தீர்மானம் எப்படி உருவாகிறது?

68 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். டி-ஸ்கோர் மைனஸ் 3.4. கடந்த ஆறு மாதத்துக்குள் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மட்டும் குறைவு. இரண்டாண்டுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். ஆராய்ச்சி சொல்வதன்படி இவருக்குக் கட்டும் மருந்துதான் முதலில். மாரடைப்பு ஓராண்டைத் தாண்டியிருந்தாலும் அந்த வரலாற்றைப் பார்த்து மருத்துவர் ரோமோசோசுமாப்பைத் தவிர்த்து டெரிபாரடைட்டை விரும்பலாம். வைட்டமின் டியைச் சரிசெய்து, பதினெட்டு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தினசரி ஊசி. பிறகு ஸோலெட்ரோனிக் அமிலம். கூடவே வழுக்காத குளியலறை, இரவில் விளக்கு, கண் பரிசோதனை, தலைசுற்ற வைக்கும் தூக்க மாத்திரைகளைக் குறைப்பது, முதுகுத் தசைக்கும் நிலைநிற்றலுக்கும் உடற்பயிற்சி. விழாத எலும்பு பெரும்பாலும் முறிவதில்லை.

அவரால் தினசரி ஊசிக்குச் செலவழிக்க முடியாவிட்டால்? டெரிபாரடைட்டை இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. ஆனாலும் இரண்டு ஆண்டுச் செலவு பல குடும்பங்களுக்குப் பெரும் சுமை. அப்படியானால் ஸோலெட்ரோனிக் அமிலத்தை இந்த மாதமே தொடங்குவது மிக நல்ல முடிவு. அதன் செலவு மிகக் குறைவு. இடுப்பு முறிவுக்குப் பிறகு அதைப் பெற்றவர்களிடம் நடந்த ஆய்வில் புதிய முறிவுகள் 35 சதவீதமும் மரணங்கள் 28 சதவீதமும் குறைந்தன. சிறந்த மருந்து கைக்கு எட்டட்டும் என்று காத்திருந்து ஓராண்டைக் கழிப்பதைவிட, எட்டும் மருந்தை இன்றே தொடங்குவது மேல்.

மருத்துவரின் எதிரே உட்காரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடுத்த இரண்டு ஆண்டில் எனக்கு முறிவு வரும் வாய்ப்பு எவ்வளவு? இந்த மருந்து எலும்பைக் கட்டுமா, அரிப்பைத் தடுக்குமா? இது முடிந்ததும் அடுத்து என்ன? மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த மருந்தின் பெயரும் அதைத் தொடங்க வேண்டிய மாதமும் எழுதப்பட்ட மருந்துச் சீட்டுதான் கடுமையான எலும்புப்புரைக்கு முழுமையான சீட்டு.